கொட்டகையில் ஒரு மஸ்டாங்

பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வீட்டிலேயே பிரித்து மறுபடி பூட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கைவைக்க ஏற்ற கார், 1965, 1966 மாடல் ஃபோர்டு மஸ்டாங். அழகு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் எண்ணிக்கை. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் 2,368 டாலர் ஆரம்ப விலையோடு அறிமுகமான இந்தக் கார், அந்த இரண்டு மாடல்களிலேயே ஏறக்குறைய 12.9 லட்சம் தயாரானது. அத்தனை பிறந்ததால் இன்னும் நிறைய மிஞ்சியிருக்கின்றன. நிறைய மிஞ்சியிருப்பதால் அவற்றுக்கு உதிரிபாகம் செய்து விற்பதே தனித் தொழிலாக நடக்கிறது. கதவுக் கைப்பிடி, மீட்டர் கண்ணாடி, இருக்கை உறை, மட்கார்டு என்று எதைக் கேட்டாலும் புதிதாகக் கிடைக்கும். 2011இல் ஃபோர்டின் உரிமத்தோடு, திறந்த கூரை மஸ்டாங்கின் முழு உடற்கூடே 15,000 டாலரிலிருந்து விற்பனைக்கு வந்தது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வைத்திருப்பவர் மற்ற எல்லாவற்றையும் விலைக்கு வாங்கி ஒரு கார் செய்துவிடலாம் என்ற நிலை பெரும்பாலான பழைய கார்களுக்கு வாய்ப்பதில்லை.

இயந்திரமும் எளிமையானது. ஃபோர்டு நிறுவனத்தில் லீ அயகோக்கா முன்னின்று இந்தக் காரைக் கொண்டுவந்தபோது, செலவைக் குறைக்க, ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த ஃபால்கன் என்ற சிக்கனமான குடும்பக் காரின் அடித்தளத்தையே எடுத்துக்கொண்டார்கள். அம்பாசிடர் காலத்து மெக்கானிக் ஒருவரை அழைத்து இதன் பானெட்டைத் திறந்து காட்டினால் அவருக்குத் தெரியாத பொருள் உள்ளே ஒன்றும் இருக்காது: கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், பாயிண்ட், கண்டென்சர், ஃபேன் பெல்ட். கணினி இல்லை, சென்சார் இல்லை. போல்ட்டும் நட்டும் அங்குலக் கணக்கு. 7/16, 1/2, 9/16 ஸ்பேனர் செட் இருந்தால் காரின் பாதியைக் கழற்றிவிடலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மஸ்டாங் ஏமாற்றும். லாரிக்கு இருப்பதுபோல இதற்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரைத்தகடு, பக்கவாட்டுக் கட்டை, முன்பக்கச் சட்டம் எல்லாம் ஒன்றோடொன்று வெல்டிங் செய்யப்பட்டு உடலே எலும்பாகவும் இருக்கிறது. தரையில் துரு பிடித்தால் ஓட்டை விழுவதோடு போகாது. காரின் முதுகே வளையத் தொடங்கும். எனவே மஸ்டாங்கைப் புதுப்பிக்கும் வேலை, முக்கால்வாசி, தண்ணீர் எங்கெல்லாம் புகுந்தது என்று தேடிப்போகிற வேலைதான்.

இதற்கு நல்ல சாட்சி, கடையில் விற்பனையான முதல் மஸ்டாங் என்று பெயர்பெற்ற கார். அறிமுகத்துக்கு இரண்டு நாள் முன்பே, 1964 ஏப்ரல் 15 அன்று, சிகாகோவில் 22 வயது பள்ளி ஆசிரியை ஒருவர் வெளிர்நீலத் திறந்த கூரைக் கார் ஒன்றை வாங்கிவிட்டார். பனிக்காலத்தில் அந்த ஊர்ச் சாலைகளில் பனி உருக உப்புப் போடுவார்கள். அந்த உப்புநீர் பதினைந்து ஆண்டுகளில் மட்கார்டையும் தரையையும் தின்றுவிட்டது. ஒரு நாள் கார் கிளம்ப மறுக்க, வீட்டுக் கொட்டகைக்குள் தள்ளி நிறுத்தினார்கள். அடுத்த 27 ஆண்டுகள் அங்கேயே நின்றது. கணவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகுதான் அதை மீட்டெடுக்க இறங்கினார். இப்போது அது அருங்காட்சியகப் பொருளுக்குச் சமமான மதிப்புள்ள கார்.

எண்ணைப் படிப்பது, சக்கரத்தை எண்ணுவது

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பளபளப்பு இல்லை, இரும்பில் குத்தியிருக்கும் எண். பானெட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்க உள்மட்கார்டின் மேல்விளிம்பில் அது இருக்கும். உதாரணத்துக்கு 5R07C என்று தொடங்கினால் 5 என்பது 1965 மாடல். R என்பது கலிஃபோர்னியாவின் சான் ஹோசே ஆலை (F என்றால் டியர்பார்ன், T என்றால் நியூஜெர்சியின் மெட்டச்சன்). 07 என்பது கூரை நிலையான இரு கதவுக் கார். 08 திறந்த கூரை. 09 பின்புறம் சரிந்திறங்கும் ஃபாஸ்ட்பேக். அடுத்த எழுத்து எஞ்சின். C என்றால் 289 கன அங்குலம், அதாவது 4.7 லிட்டர், 200 குதிரைத்திறன் V8. T என்றால் 3.3 லிட்டர் ஆறு சிலிண்டர், 120 குதிரைத்திறன். K என்றால் 271 குதிரைத்திறன் கொண்ட அபூர்வமான V8. இந்த ஓர் எழுத்து காரின் விலையையே வேறு உயரத்துக்குக் கொண்டுபோகும். அதனால்தான் போலிகளும் இந்த எழுத்தைச் சுற்றியே முளைக்கின்றன. கதவில் பொருத்திய தகவல் தகட்டைப் புதிதாகச் செய்து வாங்கிவிட முடியும் என்பதால், தகட்டை நம்பாமல் குத்திய எண்ணைத்தான் நம்ப வேண்டும். 1967 முதலான கார்களுக்கு ஃபோர்டின் தயாரிப்புப் பதிவேடு மிஞ்சியிருக்கிறது. காரின் எண்ணைக் கொடுத்தால் எந்தெந்த வசதியோடு ஆலையை விட்டு வெளியே வந்தது என்று அறிக்கை வாங்கலாம். 1965, 1966 கார்களுக்கு அந்த வழியில்லை. காரே தன் சாட்சி.

பாகங்களும் பேசும். ஃபோர்டின் பாக எண்ணில் C5ZZ என்று தொடக்கம் இருந்தால் C என்பது அறுபதுகள், 5 என்பது 1965, Z என்பது மஸ்டாங். எஞ்சின் வார்ப்பில் 5C12 என்று இருந்தால் 1965 மார்ச் 12 அன்று வார்த்தது. கார் தயாரான நாளுக்குச் சில வாரம் முன்பாக இந்தத் தேதி இருந்தால் எஞ்சின் பெரும்பாலும் அதனுடையதே. பின்னால் இருந்தால் வேறு காரிலிருந்து வந்தது. அதற்கு விளக்கமே தேவையில்லை.

இன்னொரு சோதனைக்கு எந்தப் படிப்பும் வேண்டாம். சக்கரத்தில் எத்தனை நட்டு என்று எண்ணினால் போதும். ஆறு சிலிண்டர் காருக்கு நான்கு, V8 காருக்கு ஐந்து. பானெட்டுக்குள் V8 உறுமுகிறது, சக்கரத்தில் நான்கு நட்டுதான் இருக்கிறது என்றால், யாரோ எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு, சின்ன எஞ்சினுக்கு அளவான பிரேக்கையும் ஆக்சிலையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்தக் காரை ஓட்டிப் பார்க்க வேண்டியதுகூட இல்லை.

கண்ணாடிக்குக் கீழே ஒளிந்திருக்கும் ஓட்டை

முன்கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே, வைப்பருக்குக் கீழே, வரிவரியாகத் துளையிட்ட தகடு ஒன்று இருக்கும். காருக்குள் காற்று வருவதற்கான வழி அது. மழையும் அதே வழியில்தான் இறங்கும். அடியில் இன்னொரு தகடு தொட்டிபோல நீரைத் தாங்கி இரு பக்கமும் மட்கார்டுக்குள் வடித்துவிட வேண்டும். அந்தத் தொட்டியின் தரையில், கவிழ்த்த தொப்பியின் மேற்பகுதியை வெட்டியதுபோல, இரண்டு காற்றுக்குழாய் வாய்கள் எழும்பி நிற்கின்றன. மரத்தடியில் நின்ற காரில் இலைச் சருகு உள்ளே விழுந்து, வடிகால் அடைத்து, அந்த இரண்டு வாய்களின் அடியைச் சுற்றி ஈரம் தேங்கும். உள்ளே ஆலையிலேயே சரியாகப் பெயிண்ட் படியவில்லை. பத்து மழைக்காலம் போதும். அடி அரித்து, நீர் நேராக ஓட்டுநரின் காலடிக்கு வரும். மேலே தரைவிரிப்பு இருப்பதால் யாருக்கும் தெரியாது. விரிப்புக்கு அடியில் போட்ட பஞ்சு நீரைக் குடித்து வைத்துக்கொள்ள, தரைத்தகடு மேலிருந்து கீழாகத் துருப்பிடிக்கும். அடியிலிருந்து பார்க்கும்போது ஓட்டை தெரிகிறதென்றால் கதை முடிந்து வெகுநாளாயிற்று.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. ஒருவர் தோட்டக் குழாயால் அந்த வரித்துளைகளில் நீர் ஊற்ற, மற்றொருவர் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் அதுவே விடை. சரிசெய்யும் வழிதான் எளிதில்லை. மட்கார்டு, பானெட், முன்கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி, மேல்தகட்டைப் பிடித்திருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தால்தான் உள்ளே கை போகும். பிளாஸ்டிக் தொப்பி ஒன்றை உள்ளே ஒட்டி நீரைத் தடுக்கும் குறுக்குவழி விற்பனைக்கு உண்டு. ஓட்டிக்கொண்டிருக்கிற காரை ஓரிரு ஆண்டு காப்பாற்ற அது உதவும். ஆனால் முழுக்கப் பிரித்துப் பெயிண்ட் அடிக்கப் போகும் காரில் இந்த வேலையை விட்டுவைப்பது, கூரை ஒழுகும்போது தரைக்கு டைல்ஸ் போடுவது மாதிரி.

மற்ற இடங்கள்: பேட்டரி உட்காரும் வலது முன் மூலை, அமிலம் சிந்தி அரித்திருக்கும். பின்சக்கரத்துக்குப் பின்னால், டிக்கியின் இரு ஓரக் குழிகள். திறந்த கூரைக் காரில் கதவுக்குக் கீழே ஓடும் உள்கட்டை. கூரை இல்லாத காரை நேராகப் பிடித்துவைப்பதே அதுதான். கதவைத் திறந்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, மூடும்போது இடைவெளி மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால், உடல் நடுவில் தொய்ந்துவிட்டது. காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றித் தடவிக்கொண்டே போனால் எங்கே பட்டி கனமாகப் பூசியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். அரிசோனா, கலிஃபோர்னியா போன்ற வறண்ட மாநிலக் கார்களுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அங்கே வெயில் டேஷ்போர்டை வெடிக்க வைக்கும், இருக்கையைக் கிழிக்கும். அவற்றையெல்லாம் கடையில் வாங்கிவிடலாம். நேரான, துருவில்லாத உடலை வாங்குவதுதான் கடினம்.

பிரிக்கும் கலை

எதுவரை போவது என்பதை முதல் போல்ட்டைக் கழற்றும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். ஆலையிலிருந்து வந்ததுபோல ஒவ்வொரு கிளிப்பும் சரியாக இருக்க வேண்டும் என்பது ஒரு வழி. அதற்குப் பணம் கணக்கில்லாமல் போகும், முடிந்த பிறகு மழையில் வெளியே எடுக்க மனம் வராது. பழைய தோற்றத்துக்குள் புதிய எஞ்சினும் புதிய பிரேக்கும் வைப்பது இன்னொரு வழி. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஓட்டிப் போகும் அளவுக்குப் பத்திரமான, நேர்மையான கார் என்பது மூன்றாவது. வீட்டுக் கொட்டகைக்கு ஏற்றது இந்த மூன்றாவதுதான். முழுமையான புதுப்பித்தலுக்கு ஆகும் செலவு, முடிந்த காரின் சந்தை விலையைத் தாண்டிவிடுவது வழக்கம் என்பதால், லாபக் கணக்குப் போட்டு இறங்குகிறவர் தோற்பார்.

பிரிப்பது வேகமாக நடக்கும். ஒரு வார இறுதியில் காரின் பாதி தரையில் கிடக்கும். அந்த உற்சாகத்தில்தான் பெரும்பாலான முயற்சிகள் சாகின்றன. ஒரு வருடம் கழித்து, ஐந்து டப்பா நிறைய போல்ட்டுகளைப் பார்க்கும்போது எது எங்கே போனது என்று யாருக்கும் நினைவிருக்காது. 'பிரித்த நிலையில், எல்லாப் பாகமும் உண்டு' என்று விளம்பரம் வரும் கார்களின் கதை இதுவே. கழற்றும் முன் படம் எடுப்பது, கழற்றியதும் சிறு பையில் போட்டு இடத்தின் பெயரை எழுதுவது, ஒயரின் இரு முனையிலும் சீட்டு ஒட்டுவது, மோசமான பழைய பாகத்தையும் புதியது பொருந்தும்வரை எறியாமல் வைப்பது. இவற்றுக்குத் திறமை வேண்டாம், பொறுமை போதும். புதிய பாகங்கள் பழையவற்றைப் போல இருக்கும், அச்சாக அப்படியே இருக்காது. துளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். பழையது கையில் இருந்தால்தான் வித்தியாசம் புரியும். ஃபோர்டு அந்தக் காலத்தில் மெக்கானிக்குகளுக்கு வெளியிட்ட ஷாப் மேனுவலின் மறுபதிப்பு கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்பு வாங்க வேண்டியது அதுதான்.

தகட்டு வேலையில் ஒரு விதி உண்டு: வெட்டும் முன் முட்டுக் கொடு. கதவு நிலைகளுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் செய்து, உடலைச் சமதளத்தில் நிறுத்தி, பிறகுதான் தரையை அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய தரையைப் பொருத்தி முடித்ததும் கதவு மூடாது. பழைய ஸ்பாட் வெல்டைத் துளைத்து எடுத்து, புதிய தகட்டில் அதே இடங்களில் துளைபோட்டு, மிக் வெல்டிங்கால் அந்தத் துளைகளை நிரப்புவார்கள். நீளமாக ஒரே இழுப்பில் வெல்டிங் ஓட்டினால் சூட்டில் தகடு அலையலையாக நெளியும். அங்கே ஒரு புள்ளி, இங்கே ஒரு புள்ளி என்று தள்ளித் தள்ளி வைத்து ஆறவிட வேண்டும். பூசி மறைப்பதைவிட அறுத்து மாற்றுவது அதிக வேலைபோலத் தோன்றும். மூன்றாம் வருடம் பெயிண்ட் கொப்புளம் எழும்போதுதான் கணக்குச் சரியாகும்.

பெட்ரோல் டேங்க் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். மஸ்டாங்கில் டிக்கியின் தரையாக இருப்பதே 16 கேலன் டேங்கின் மேல்தகடுதான். பின்னாலிருந்து பலமாக மோதினால் பெட்ரோல் நேராக டிக்கிக்குள் வரும். டிக்கிக்கும் பின்னிருக்கைக்கும் நடுவே உருப்படியான தடுப்புக் கிடையாது. இருக்கைக்குப் பின்னால் இரும்புத் தகடு ஒன்றை அடைப்பது பலரும் செய்யும் மாற்றம். செலவு குறைவு. காலி டேங்குக்கு அருகே வெல்டிங் வைப்பதோ, அதற்கே ஒட்டுப்போடுவதோ உயிர்போகும் காரியம். மிச்சமிருக்கும் ஆவி வெடிக்கும். புதிய டேங்க் கிடைக்கிறது, வாங்கிவிடலாம்.

எஞ்சின், பிரேக், ஒயர்

எஞ்சினைக் கண்டுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் அது காரிலேயே இளகிய மனம் படைத்தது. ஓடுகிற எஞ்சினாக இருந்தால் முதலில் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். எல்லாச் சிலிண்டரிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, புகையும் இல்லாவிட்டால், கேஸ்கட்டுகளை மாற்றிச் சுத்தம்செய்து அப்படியே விடலாம். நெடுநாள் நின்ற எஞ்சினை நேராக ஸ்டார்ட் செய்யக்கூடாது. பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவைத்து, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பழைய பெட்ரோல் டேங்கிலும் குழாயிலும் வார்னிஷாகக் காய்ந்திருக்கும். அதை முழுவதும் வடித்துவிட வேண்டும்.

ரீபோர் போடும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் பிளாக்கும் ஹெட்டும் லேத் பட்டறைக்குப் போக வேண்டும். அங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. வால்வு உட்காரும் இடத்துக்கு அது மெத்தைபோல இருந்தது. 1996 ஜனவரி 1 முதல் அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் முற்றாக நின்றது. ஹெட்டைப் பிரிக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் பதித்துவிட்டால் அந்தக் கவலை தீரும். இரண்டாவது, கேம் ஷாஃப்ட். இந்த எஞ்சினில் கேமின் முட்டு தட்டையான டேப்பெட்டின் மேல் உரசிக்கொண்டே சுற்றுகிறது. அந்த உரசலைத் தாங்க எண்ணெயில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு பொருள் வேண்டும். புகைசுத்திகரிப்புக் கருவியைக் கெடுக்கிறது என்று இன்றைய எண்ணெய்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். ஆகவே பழைய கார்களுக்கென்று விற்கும் எண்ணெயே இதற்குச் சரி. புதிய கேம் போட்டால், முதல் ஸ்டார்ட்டில் ஐட்லிங்கில் விடாமல், ஏறக்குறைய 2,000 சுற்று வேகத்தில் இருபது நிமிடம் ஓடவிடுவார்கள். எண்ணெய் கேமின் மேல் தெறிக்க அந்த வேகம் வேண்டும். டைமிங் முன்கூட்டியே சரியாக இல்லாமல், கிளம்ப மறுத்து மறுத்து ஸ்டார்ட்டரைச் சுற்றிக்கொண்டிருந்தால், புதிய கேம் முதல் நாளே தேய்ந்துபோகும். ஒயர் மாற்றிப் போட்டு இப்படிக் கெடுத்தவர்கள் ஏராளம். 289 எஞ்சினின் பொறி வரிசை 1-5-4-2-6-3-7-8. முதல் நான்கு சிலிண்டர் பயணி பக்கம், அடுத்த நான்கு ஓட்டுநர் பக்கம்.

பிரேக் விஷயத்தில் அசல்தன்மை பேசுகிறவர்கள்கூட விட்டுக்கொடுப்பது நல்லது. 1966 வரை மஸ்டாங்கின் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. நான்கு சக்கரத்தில் எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் பெடல் தரையைத் தொட்டுவிடும். கால் பிரேக்கால் நிறுத்த வழியே இருக்காது. 1967இல் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனி அறை வந்தது. அந்த வகைக்கு மாற்றும் செட் மலிவாகவே கிடைக்கிறது. அரை நூற்றாண்டு தாண்டிய இரும்புக் குழாயையும் ரப்பர் ஹோஸையும் சோதித்துப் பார்ப்பதில் பொருளில்லை, மாற்றிவிட வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்; டிரம்மைக் கழற்றி ஏர் அடித்துத் தூசி தட்டுவது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். முன்சக்கரக் காயில் ஸ்பிரிங் மேற்கரத்தின் மேல் அமுங்கிய நிலையில் நிற்கிறது. சரியான கம்ப்ரஸர் இல்லாமல் அதைக் கழற்ற முயன்றால் அது பீரங்கிக் குண்டுதான். கார் ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கும்போது அடியில் போகக்கூடாது என்பதைத் தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப் பையனுக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டில் தனியாக வேலை செய்கிறவர்தான் அதை மறக்கிறார்.

அன்றைய டயர் வேறு, இன்றைய ரேடியல் டயர் வேறு. ஷாப் மேனுவலில் அச்சிட்டிருக்கும் அலைன்மென்ட் அளவுகள் பழைய டயருக்கானவை. ரேடியலுக்குக் காஸ்டரை, அதாவது முன்சக்கரத்தின் திருப்பு அச்சு பின்னோக்கிச் சாய்வதை, கூட்டி வைத்தால்தான் நெடுஞ்சாலையில் கார் நேராகப் போகும். மேனுவலை நம்பாமல் இருக்க வேண்டிய மிகச் சில இடங்களில் இது ஒன்று.

ஒயரிங் பிரச்சினை பாதிக்கு மேல் எர்த் பிரச்சினை. புதிதாக அடித்த பெயிண்ட் அழகாக எல்லா இடத்தையும் மூடிவிட, விளக்குக்கும் மீட்டருக்கும் எர்த் கிடைக்காமல் போகும். போல்ட் உட்காரும் இடத்தில் மட்டும் சுரண்டி இரும்பைக் காட்டிப் பூட்டினால் சரியாகிவிடும். பெட்ரோல் மீட்டரும் வெப்ப மீட்டரும் சேர்ந்தாற்போல் தப்பாகக் காட்டினால் இரண்டையும் மாற்றப் போகக்கூடாது. மீட்டர் பெட்டிக்குப் பின்னால் 12 வோல்ட்டைச் சராசரி 5 வோல்ட்டாக விட்டுவிட்டுத் தரும் சிறு ரெகுலேட்டர் ஒன்று இருக்கிறது. குற்றவாளி அநேகமாக அதுவே. ஒயரின் உறை விரலால் வளைத்தால் நொறுங்குகிறதா? ஒட்டுப்போட்டுப் பயனில்லை. முழு ஒயரிங் செட்டையும் மாற்ற வேண்டும்.

பெயிண்ட்

ஃபோர்டு அன்று அடித்தது சூளையில் சுட்ட எனாமல். நிறங்களுக்குப் பெயர் வைப்பதில் அமெரிக்கர்களுக்கு ஒரு குஷி. வரிசையின் முதல் எண் கொண்ட மஸ்டாங் விம்பிள்டன் ஒயிட். அது இப்போது டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. J என்ற குறியீட்டில் வரும் சிவப்புக்குப் பெயர் ரங்கூன் ரெட். செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குக்குப் பிறகு ரங்கூன் இப்படியும் ஊர் சுற்றியிருக்கிறது.

பெயிண்டில் பத்தில் ஒன்பது பங்கு அடியில் நடக்கும் வேலை. வெறும் இரும்புக்கு எபாக்ஸி பிரைமர், இணைப்புகளுக்கு சீலர், பிறகு நீளக் கட்டையில் எமரி பேப்பர் சுற்றித் தேய்த்துத் தேய்த்துத் தகட்டைச் சமன்செய்வது. கையால் தடவிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமும் தெரியும். இதுவரைக்கும் வீட்டில் செய்யலாம். இன்றைய இரண்டு பாகப் பெயிண்டில் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் உண்டு. தெளிக்கும்போது எழும் அந்தத் துளியை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம். சாதாரண முகமூடி தடுக்காது, வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகக்கவசம் வேண்டும். கடைசிப் பூச்சை மட்டும் தொழில்முறைக் கூடத்தில் அடித்து வாங்குவதில் வெட்கமில்லை.

பெயிண்ட் உலர்ந்த பிறகு பூட்டும் வேலை. கண்ணாடிச் சட்டமும் குரோமியப் பட்டையும் கடைசி. கதவு ரப்பர் புதிதானதும் கதவு சாத்த மறுக்கும். சில வாரம் பழகினால் அமுங்கும். அவசரப்பட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளி வைத்தால் பிறகு மழையில் ஒழுகும்.

ஓட்டி வைத்திருப்பது

முடிந்த காரைப் பராமரிப்பது அதிக வேலையில்லை, ஆனால் மறக்கக்கூடாத வேலை. பாயிண்ட் தேயும், 289 எஞ்சினில் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 முதல் 17 பங்கு இருக்கும்படி ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்ய வேண்டும், பிளக்குக்கு 34 பங்கு. அதே எஞ்சினுக்கு ஃபில்டரோடு மாற்றினால் எண்ணெய் ஐந்து குவார்ட், அதாவது ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பழைய C4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு டைப் F எண்ணெய். ஸ்டியரிங் இணைப்புகளுக்கும் முன்கரங்களுக்கும் கிரீஸ். மேற்கரத்தில் கிரீஸ் கன் நுழைய இடமே இல்லாமல் வடிவமைத்தவரைத் திட்டாத மஸ்டாங்காரர் கிடையாது.

திரவங்கள் இரண்டு சும்மா இருக்கும்போதே கெடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்: டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக்கூடாது, ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 140 டிகிரி. குழாய்க்குள் துருவும் அப்படித்தான் வருகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது காரை ஓட்டாதவருக்கும் பொருந்தும். அமெரிக்காவில் இன்று விற்கும் பெரும்பாலான பெட்ரோலில் பத்து சதவீதம்வரை எத்தனால். அது பழைய ரப்பர் ஹோஸைக் கரைத்து உப்பவைக்கும், ஈரத்தையும் இழுக்கும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கி அரிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் மாற்றாமல் பழைய காரில் அதை ஊற்றுவது பானெட்டுக்குள் நெருப்புக்கு அழைப்பு.

பனிக்காலத்தில் வடமாநிலங்களில் இந்தக் கார்கள் நவம்பர் வாக்கில் உள்ளே போனால் ஏப்ரலில்தான் வெளியே வரும். டேங்கை நிரப்பி ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்புரேட்டர்வரை போகும்படி கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவார்கள். எண்ணெயை முன்பே மாற்றிவிடுவார்கள். பழைய எண்ணெயில் சேர்ந்த அமிலம் பேரிங்கைத் தின்னும். பேட்டரியில் சிறு சார்ஜர். எலி கூடுகட்டாதபடி எக்ஸாஸ்ட் வாயில் அடைப்பு. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிடுவது நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் கெடுதல்: எஞ்சின் முழுச் சூடு ஏறாமல், எரிந்ததில் பிறந்த நீர் சைலன்ஸரிலும் எண்ணெயிலும் தங்கிவிடும். அரைமணி ஓட்ட முடியாவிட்டால் தொடாமல் விடுவதே மேல்.

ஏப்ரலில் வெளியே எடுக்கும் நாளில் டயர் காற்று, பிரேக் பெடல், அடியில் சொட்டு, விளக்கு எல்லாம் பார்த்தாக வேண்டும். முதல் மழைக்கு மறுநாள் காலையில், அனுபவப்பட்டவர் வேறொன்றும் செய்வார்: ஓட்டுநர் பக்கத் தரைவிரிப்பின் மூலையைத் தூக்கி, அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்.